பொம்மியின் கண்ணோர முடி

ஷி ட்சு வகை நாய்க்கு மூக்கின் மேலுள்ள முடி கீழே படிந்து வளராது. மேல்நோக்கி, நாலாபக்கமும் சாமந்திப்பூப் போல விரிந்து வளரும். அந்த முகத்தைப் பார்த்துத்தான் பலரும் இந்த வகையை வாங்குகிறார்கள். ஆனால் இவற்றுக்குக் கண்குழி ஆழமில்லை. விழி முன்னே துருத்திக்கொண்டிருக்கும். மூக்கோ சப்பை. மூக்கோரத்து முடி கொஞ்சம் வளர்ந்தாலே கருவிழியைத் தொட்டுவிடும்.

எங்கள் பொம்மிக்குத் தொல்லை வந்தது முடி வளர்ந்ததால் அல்ல, வெட்டியதால். கோடை தொடங்கும் முன் ஒரு குரூமிங் கடையில் விட்டிருந்தோம். மூக்கின் மேல் ட்ரிம்மரை ஓட்டி, ஒட்ட வெட்டி அனுப்பினார்கள். முகம் பளிச்சென்று இருந்தது. சில வாரங்கள் கழித்து இடது கண்ணில் நீர் வழியத் தொடங்கியது. சோபா ஓரத்தில் முகத்தைத் தேய்த்தாள். மொட்டைமாடி வெளிச்சத்துக்குப் போனால் அந்த ஒரு கண்ணை மட்டும் இடுக்கினாள்.

அப்பாவுக்குக் கண்புரை அறுவை முடிந்தபோது கொடுத்த சொட்டு மருந்து வீட்டில் மீதமிருந்தது. அதில் இரண்டு சொட்டு விட்டால் என்ன என்று பேச்சு எழுந்தது. நான் சம்மதிக்கவில்லை. அந்த மாதிரி மருந்துகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். கருவிழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு பட்டால் புண் ஆறாது. ஆழமாகிக் கண்ணே போகவும் கூடும். நாய் வளர்க்கும் எல்லோரிடமும் இதை நான் அழுத்திச் சொல்வேன்.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மருத்துவர் முதலில் கீழிமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஒரு நிமிடம் வைத்தார். கண்ணீர் 15 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால் கண் வறட்சி இல்லை என்று பொருள். பொம்மிக்கு அதைத் தாண்டி ஏறியது. பிறகு ஆரஞ்சு நிறச் சாயம் ஒரு சொட்டு விட்டுக் கழுவி, நீல விளக்கைக் காட்டினார். கருவிழியின் உள்மூலைப் பக்கம் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று மின்னியது. கீறல். அந்தக் கோட்டுக்கு நேர் எதிரே, மூக்கோரத்தில், ட்ரிம்மர் போன இடத்தில் முளைத்திருந்த குட்டை முடிகளை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக எனக்கும் காட்டினார். அவள் இமைக்கும் ஒவ்வொரு முறையும் அவற்றின் நுனி விழியில் உரசியது.

நீண்ட முடி தன் எடையாலேயே வளைந்து படுத்துவிடும். அரைகுறையாக முளைத்த முடிதான் விறைத்து நின்று குத்தும் என்றார். “வளர்ப்பதென்றால் வளர்த்துக் கட்டிவிடுங்கள், வெட்டுவதென்றால் விடாமல் வெட்டிக்கொண்டே இருங்கள். இரண்டுக்கும் நடுவில் விட்டுவிடாதீர்கள்” என்று அவர் சொன்னதுதான் அதன் பிறகு நாங்கள் செய்த எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஆன்டிபயாடிக் சொட்டு மருந்தும், முடியைப் படிய வைக்கக் கண் களிம்பும், கழுத்தில் மாட்ட ஒரு பிளாஸ்டிக் கூம்பும் கொடுத்தார். கீறல் ஆழமில்லாததால் விரைவில் ஆறியது. மறுபரிசோதனையில் சாயம் ஒட்டவில்லை.

இனி முகத்தை நானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். மூக்கின் மேல்முடியையும் நெற்றிமுடியையும் வளர்த்துக் கட்டுவது, கண்ணின் உள்மூலையில் விழியைத் தொடும் சில இழைகளை மட்டும் வாரம் தவறாமல் வெட்டுவது என்று பிரித்துக்கொண்டேன்.

கத்தரிக்கோலைத் தொடும் முன் அவளைப் பழக்க வேண்டியிருந்தது. உண்மையில் இதுதான் முழு வேலையும். வாயைப் பிடித்து நிறுத்த இந்த வகைக்கு நீண்ட வாய்ப்பகுதி இல்லை. பிடரித் தோலை இறுக்கிப் பின்னால் இழுப்பது ஆபத்து. கண்குழி ஆழமற்ற நாய்களுக்கு அந்த இழுப்பில் விழி வெளியே பிதுங்கிவிடுவதுண்டு. எனவே உள்ளங்கையை அவள் முகவாய்க்குக் கீழே நீட்டுவேன். தானாக வந்து தாடையை வைத்தால் வேகவைத்த கோழி ஈரலில் ஒரு துணுக்கு. முகத்தை விலக்கிக்கொண்டால் விட்டுவிடுவேன், பின்னால் போய்ப் பிடிக்கமாட்டேன். தாடை நிலையாக நிற்கத் தொடங்கிய பிறகு சீப்பின் முதுகைக் கன்னத்தில் வைத்தேன். பிறகு மூடிய கத்தரிக்கோலின் குளிர்ந்த பக்கம். பிறகு காதருகே வெறுமனே வெட்டும் ஓசை. அவசரப்படாமல் போனதால் இன்று கையை நீட்டினாலே தாடையைக் கொண்டுவந்து வைக்கிறாள். அந்த நம்பிக்கையை நான் பெரிதாக மதிக்கிறேன். அவள் களைத்திருக்கும் நாளிலும் வீட்டுக்கு விருந்தினர் வந்த நாளிலும் கத்தரிக்கோலை எடுப்பதே இல்லை.

மாலை நடை முடிந்து வந்ததும் ஜன்னலோர மேசையில் வழுக்காத விரிப்பு போட்டு உட்கார வைப்போம். அம்மா பின்பக்கம் இடுப்பில் கைவைத்து நிற்பார். நான் இடது கையால் தாடிமுடியைப் பற்றிக்கொள்வேன். முனை உருண்டையான சிறு கத்தரிக்கோலை மூக்கின் பக்கவாட்டில் படுக்கவைத்து, முனை எப்போதும் மூக்கு நுனியைப் பார்க்கும்படி பிடிப்பேன். கண்ணை நோக்கி ஒருபோதும் திருப்புவதில்லை. கத்தரிக்கோலைப் பிடித்த கையின் சுண்டுவிரல் அவள் கன்னத்தில் ஊன்றியிருக்கும். அவள் தலை அசைந்தால் என் கையும் கூடவே அசையும், அதனால் குத்தாது. ஒரு தடவைக்கு நாலைந்து இழைகள்தான். வெட்டிய துணுக்கு கண்ணுக்குள் விழுந்தால் அதுவும் உறுத்தும். அதனால் ஈரத்துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9 சதவீத உப்புநீரால் கண்ணைக் கழுவிவிடுவேன். ட்ரிம்மரை முகத்தருகே கொண்டுபோவதில்லை.

நெற்றிமுடியைக் குடுமியாகக் கட்டச் சாதாரண ரப்பர் பேண்ட் ஆகாது. முடியை அறுத்துவிடும். வழுவழுப்பான சிறிய லேட்டக்ஸ் பேண்ட் போடுகிறேன். இமை மேலே இழுபடும் அளவுக்கு இறுக்கினால் அவள் அதைப் பறிக்கவே கண்ணோரம் பிறாண்டுவாள். அதனால் தளர்வாகக் கட்டி, தினமும் அவிழ்த்துச் சீவி மறுபடி கட்டுகிறேன்.

காலையில் பீளை காய்ந்து முடியோடு ஒட்டியிருக்கும். உலர்ந்ததைப் பிய்க்கக் கூடாது. தோலும் சேர்ந்து வரும். வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த காஸ் துணியைச் சிறிது நேரம் வைத்தால் இளகிவிடும். அதன்பின் நம் வீட்டுப் பேன்சீப்பு போதும். ஒரே இழுப்பில் மணிமணியாக வந்துவிடும். பிறகு ஈரமில்லாமல் ஒற்றியெடுக்க வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் இதைத் தவிர்த்தால் கண்ணுக்குக் கீழே ஈஸ்ட் வளர்ந்து புளித்த வாடை வரும்.

கண்ணுக்குக் கீழே முடியில் படியும் செம்பழுப்புக் கறையைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். கண்ணீரில் போர்ஃபைரின் என்ற நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் சிவக்கும். அதை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடையோ எலுமிச்சையையோ கண்ணருகே கொண்டுபோகவே கூடாது. கறை நீக்கும் பொடிகள் சிலவற்றில் டைலோசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்திருந்தது; அனுமதி பெறாத அத்தகைய பொருட்களை விற்றவர்களை 2014-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. கறைக்காக நாய்க்குத் தினமும் ஆன்டிபயாடிக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. முடி உரசுவது நின்றதும் பொம்மிக்கு நீர் வழிவது குறைந்தது. புதிதாக வளர்ந்த முடி வெள்ளையாகவே வந்தது.

ஒரு கண்ணை இடுக்கினாலோ, விழியில் நீலம்பாய்ந்த மங்கல் தெரிந்தாலோ சீப்பையும் கத்தரிக்கோலையும் வைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. குளிப்பாட்டவும் உடல் முடி வெட்டவும் இன்னமும் கடைக்குத்தான் அழைத்துப் போகிறோம். முகத்தைத் தொட வேண்டாம் என்று சீட்டில் எழுதச் சொல்லிவிட்டு, வெட்டப் போகிறவரிடமும் நேரில் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்து உட்காருவேன்.