பில் பாஸ் செய்யும் மேசையில் உக்கிராணத்துவம்

சபையில் உக்கிராணத்துவம், அதாவது நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை உண்மையாய்க் கையாள்வது, பற்றிப் பிரசங்கம் என்றாலே தசமபாகத்தில் ஆரம்பித்துக் காணிக்கைக் கவரில் போய் முடியும். தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸில் உட்கார்ந்து, சப்ளையர்களுக்குப் பணம் போடும் வேலையைப் பல வருஷமாகப் பார்த்துவரும் எனக்கு, என் சம்பளத்தில் பத்தில் ஒன்றைவிட, என் கை வழியாகப் போகிற, ஒரு பைசாகூட என்னுடையதில்லாத பணம்தான் பெரிய கேள்வி.

எங்கள் பாகங்களுக்குக் கூலிக்கு வேலை (ஜாப் ஒர்க்) செய்து தருபவர்களில் பலர் நாலு லேத், ஐந்தாறு ஆட்கள் வைத்திருக்கும் பட்டறைக்காரர்கள். சனிக்கிழமை வந்தால் ஆட்களுக்குக் கூலி தரவேண்டும். பில் போட்டாச்சு என்றால், எங்கள் பணம் வந்தாலும் வராவிட்டாலும் ஜிஎஸ்டி கட்டவேண்டும். அவர்கள் பணம் எங்கள் கணக்கில் கிடக்கும்வரை எங்களுக்கு பேங்க் ஓவர்டிராஃப்ட் வட்டி மிச்சம். அங்கே வீட்டு நகை அடகுக் கடைக்குப் போகிறது. முதலாளியின் சொத்தைக் காப்பது உண்மையுள்ள ஊழியம்தான். அந்தச் சொத்துக்குள் பட்டறைக்காரரின் கூலியும் கலந்து கிடந்தால்?

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006-ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தந்துவிடவேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. அந்த வட்டியைக் கேட்டு வந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை, கேட்டால் அடுத்த ஆர்டர் வராதே. அப்புறம் 2023-24 கணக்கிலிருந்து வருமானவரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு வந்தது: குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டி நிலுவை வைத்தால், பணம் கொடுத்த வருஷத்தில்தான் அதைச் செலவாகக் காட்டமுடியும். கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்று லேவியராகமம் எத்தனையோ காலமாகச் சொல்லியும் அசையாதவர்கள், வரி கூடும் என்றதும் மார்ச் மாதம் ராத்திரிவரை உட்கார்ந்து பணம் போட்டார்கள்.

உடனே குறுக்கு வழியும் வந்தது. சரக்கு கேட்டுக்குள் வந்த தேதியை விட்டுவிட்டு, க்யூசி (தரச் சோதனை) முடிந்த தேதியிலிருந்து நாட்களை எண்ணு என்பார்கள். க்யூசி எப்போது முடியும்? நமக்கு வசதிப்படும்போது. நான் கேட் என்ட்ரி தேதியைத்தான் போடுகிறேன். இதற்காக ஆபீஸில் வசனம் சொல்வதில்லை, அங்கே அது எடுபடாது, சில சமயம் அது பெருமையாகவும் போய்விடும். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள் என்று அதே சட்டத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும்.

சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயைக் கடை விலையைப்போலப் பல மடங்குக்கு எடுத்துக் கைதட்டு வாங்குகிறோம், சந்தோஷமான விஷயம்தான். திங்கட்கிழமை நம் மேசையில் யாருடைய பில் தூங்குகிறது என்று பார்ப்பதற்குக் கைதட்ட யாரும் இல்லை.

சப்ளையர்கள் அனுப்பும் தீபாவளி சுவீட் பாக்ஸ் கதை தனி. பாக்ஸோடு பணக் கவர் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். "சார், சுவீட்டுக்குக்கூடவா?" என்று கேட்பார்கள், பக்கத்து சீட்டில் என்னைப் "பாஸ்டர்" என்று கூப்பிடுவார்கள். இதைப் பரிசுத்தம் என்பதைவிடப் பிழைக்கும் வழி என்பேன். பணம் இறுக்கமான மாதத்தில் பெரிய ஸ்டீல் பார்ட்டி காத்திருக்கட்டும், சின்னவர்களுக்கு முதலில் போடலாம் என்று நான் பட்டியலை மாற்றிக் கொண்டுபோனால், மேனேஜர் பாதி கிண்டலாகக் கேட்பது, "அந்தப் பட்டறைக்காரர் உங்களுக்கு என்ன வேணும்?" கவர் வாங்கியவனால் அந்தக் கேள்விக்கு நிமிர்ந்து பதில் சொல்ல முடியாது. யாருக்காகவும் பேசவும் முடியாது.

சில மாதம் நான் வைத்த வரிசை அப்படியே நடக்கும். சில மாதம் லோடை நிறுத்திவிடுவேன் என்று ஸ்டீல்காரர் ஒரு போன் போட்டால் பட்டியல் தலைகீழாகிவிடும். அன்றைக்குப் பட்டறைக்காரருக்கு நானே போன் செய்து, இந்த வாரம் வராது, அடுத்த முறை பணம் போடும்போதுதான் என்று சொல்லிவிடுவேன். அவர் திட்டுவார், கேட்டுக்கொள்வேன். "சார் மீட்டிங்கில் இருக்கிறார்" என்று மட்டும் யாரையும் சொல்லவைப்பதில்லை.