யாசூ ஆற்றுச் சேற்றில் கிடந்த கெய்ரோ

டல்லஸிலிருந்து ஐ-20 நெடுஞ்சாலையில் கிழக்கே போய்க்கொண்டே இருந்தால், லூசியானா முடிகிற இடத்தில் மிசிசிப்பி குறுக்கே வரும். பாலம் இறங்கினால் விக்ஸ்பர்க். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் படை 47 நாள் முற்றுகையிட்டு, 1863 ஜூலை 4 அன்று பிடித்த ஊர். சண்டை நடந்த மேடுகள் இப்போது தேசிய ராணுவப் பூங்கா. மாநிலத்துக்கு மாநிலம் போட்டி போட்டுக்கொண்டு நட்ட நினைவுச் சின்னங்கள் வழியெங்கும் நிற்கின்றன. அவற்றைக் காருக்குள் இருந்தபடியே பார்த்துக் கடந்தோம். நாங்கள் வந்தது கெய்ரோ என்ற பழைய போர்க்கப்பலுக்காக. கூட வந்த சித்தப்பா சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். பீரங்கி எத்தனை என்பதை விட பாய்லர் எங்கே என்பதுதான் அவர் கவலை.

இரும்புக்கவசக் கப்பல் என்றாலே எல்லாரும் 1862 மார்ச் 9 அன்று வர்ஜீனியா கடற்கரையில் மோதிய வடக்கின் மானிட்டரையும் தெற்கின் வர்ஜீனியாவையும்தான் சொல்வார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பே, பிப்ரவரி 6 அன்று, டென்னசி ஆற்றில் தெற்கின் ஹென்றி கோட்டையை வடக்கின் கவசப் படகுகள் சுட்டுப் பணியவைத்துவிட்டன. என்னைக் கேட்டால் இந்த ஆற்றுச் சண்டைக்குத்தான் அதிகப் புகழ் சேர வேண்டும். கடலில் அன்று யாரும் ஜெயிக்கவில்லை. ஆறுகளிலோ கோட்டைகளே கைமாறின.

இந்தப் படகுகளைக் கட்டியவர் ஜேம்ஸ் ஈட்ஸ். அதற்கு முன்பு அவர் தொழிலே, மிசிசிப்பியில் மூழ்கிய நீராவிப் படகுகளின் சரக்கை ஆற்றடியிலிருந்து எடுத்து விற்பதுதான். செயின்ட் லூயிஸில் இன்றும் அவர் பெயரில் நிற்கும் பாலம் பின்னால் வந்தது. 1861 ஆகஸ்டில் ஏழு படகுகளுக்கு ஒப்பந்தம் போட்டார். அடுத்த ஜனவரியில் எல்லாம் பணிக்கு வந்துவிட்டன. வடிவமைத்தவர் சாமுவேல் புக். சாய்ந்த பக்கங்களோடு தண்ணீரை ஒட்டிக் கிடந்ததால் ‘புக்கின் ஆமைகள்’ என்று பட்டப்பெயர். அதில் ஒன்று கெய்ரோ. ஓஹையோ ஆறு மிசிசிப்பியில் சேரும் இல்லினாய்ஸ் ஊரின் பெயர் அதற்கு.

கப்பல் திறந்தவெளியில், ஒரு பெரிய கூடாரக் கூரையின் கீழ் நிற்கிறது. நீளம் 175 அடி, அகலம் 51 அடி. தண்ணீருக்குள் அமிழ்வதோ 6 அடிதான். இல்லாத பகுதிகளைப் புது மரச்சட்டங்களால் காட்டி, மிஞ்சிய பழைய மரத்தையும் இரும்பையும் அவற்றின் மேல் பொருத்தியிருக்கிறார்கள். நடைபாதையில் ஏறி உள்ளேயே நடக்கலாம். 13 பீரங்கிகள், இரண்டரை அங்குல இரும்புத் தகடு, அதற்குப் பின்னால் தடித்த ஓக் மரம்.

சித்தப்பா நேராகப் பாய்லர்களிடம் போய்விட்டார். ஐந்து பாய்லர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஆறடி ஆழத்துக்குள்ள இத்தனையையும் எங்கப்பா அடக்குறது? ஸ்டீம் டிரம் தண்ணி மட்டத்துக்கு மேலதான் வரும். ஒரு குண்டு உள்ள வந்தா முடிஞ்சது” என்றார். அப்படியே நடந்தும் இருக்கிறது. 1862 ஜூன் 17 அன்று ஆர்கன்சாவின் ஒயிட் ஆற்றில், இதே வகையைச் சேர்ந்த மவுண்ட் சிட்டியை ஒரே ஒரு குண்டு துளைத்து நீராவிக் கலத்தை உடைத்தது. வெந்தும், தப்பிக்க ஆற்றில் குதித்தும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

கெய்ரோவுக்கு ஆபத்து கீழேயிருந்து வந்தது. அடிப்பகுதிக்குக் கவசமே கிடையாது. 1862 டிசம்பர் 12 அன்று, விக்ஸ்பர்க்குக்கு வடக்கே யாசூ ஆற்றில் கண்ணிவெடிகளை அகற்றப் போன படகுகளில் இதுவும் ஒன்று. கெய்ரோவின் தலைவர் தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் பொறுமை இழந்து முன்னே போகச் சொன்னார். வெடிமருந்து நிரப்பிய பெரிய கண்ணாடிக் குடுவைகள் தண்ணீருக்குள் காத்திருந்தன. இரண்டு வெடிப்புகள், 12 நிமிடத்தில் கப்பல் ஆற்றுக்குள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. கண்ணிவெடிக்கு அந்தப் போரில் பலியான முதல் கப்பல் இது. புகைபோக்கிகள் மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. எதிரிக்கு இடம் தெரியக்கூடாது என்று அவற்றையும் இழுத்துச் சாய்த்துவிட்டார்கள்.

இந்த செல்ஃப்ரிட்ஜ் பாவம், விசித்திர ராசிக்காரர். ஒன்பது மாதம் முன்பு வர்ஜீனியா கப்பல் இடித்து மூழ்கடித்த கம்பர்லேண்ட் என்ற வடக்குக் கப்பலில் இருந்து தப்பியவர் அவர். 1864இல் அவர் கையிலிருந்த கானஸ்டோகா என்ற படகும் சொந்தத் தரப்புப் படகே மோதி மூழ்கியது. அப்படியும் கடைசியில் ரியர் அட்மிரலாகத்தான் ஓய்வு பெற்றார்!

1956இல் எட்வின் பேர்ஸ் என்ற வரலாற்றாய்வாளரும் இரண்டு நண்பர்களும் ஒரு திசைகாட்டியை வைத்துக்கொண்டு, மூழ்கிய கெய்ரோவைத் தேடி யாசூ ஆற்றில் படகில் சுற்றினார்கள். இரும்புக்கு மேலே வந்ததும் முள் திரும்பியது. அவ்வளவுதான் கருவி. 1964இல் மொத்தமாகத் தூக்கப் பார்த்தபோது கம்பிவடங்கள் மரத்தை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கின. வேறு வழியில்லாமல் மூன்று துண்டாக எடுத்தார்கள். பிறகு பாஸ்ககூலா கப்பல் கட்டும் தளத்தில் பல வருடம் பணத்துக்காகக் காத்துக் கிடந்தது. சேறு 102 ஆண்டு காப்பாற்றிய மரம் கரைக்கு வந்தபின்தான் வேகமாக வீணானது. பணமில்லாமல் எடுத்திருக்கவே கூடாது என்று சித்தப்பா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். எனக்கு அதில் சம்மதமில்லை. எடுக்காமல் இருந்திருந்தால் அவர் அந்தப் பாய்லர்களைப் பார்த்திருக்க முடியாது. 1977இல்தான் விக்ஸ்பர்க்குக்கு வந்தது. பக்கத்து அருங்காட்சியகத்தில் மாலுமிகளின் காலணி, சவரக்கத்தி, மருந்துப் புட்டிகள், கப்பலின் மணி எல்லாம் இருக்கின்றன. செல்ஃப்ரிட்ஜின் ஆட்கள் எதையும் எடுக்க நேரமில்லாமல் குதித்திருக்கிறார்கள் என்பது அந்தக் கண்ணாடிப் பேழைகளைப் பார்த்தாலே தெரிகிறது.

அருகில் ஃபோர்ட் ஹில் மேடு. கீழே தெரியும் தண்ணீரை மிசிசிப்பி என்று நினைத்துப் படமெடுப்பவர்கள் அதிகம். மிசிசிப்பி 1876இலேயே தடம் மாறி ஊரை விட்டு விலகிவிட்டது. தெரிவது, யாசூ ஆற்றைத் திருப்பிவிட்டு 1903இல் முடித்த கால்வாய். முற்றுகையிட்டுப் பிடிக்க வேண்டியிருந்த ஊரை, ஆறு பதின்மூன்று வருடத்தில் சும்மாவே கைவிட்டுவிட்டுப் போயிருக்கிறது.

போகிறவர்களுக்கு: பூங்காவின் பாதை ஒருவழி; கெய்ரோ ஏறக்குறைய நடுவில், தேசியக் கல்லறையை ஒட்டி வரும். அங்கே புதைக்கப்பட்ட சுமார் 17,000 வடக்குப் படையினரில் பெரும்பாலோர் பெயர் தெரியாதவர்கள். கப்பலுக்குக் கூரை மட்டும்தான், சுவர் இல்லை. கோடையில் காலையிலேயே போய்விடுங்கள். கப்பல் இன்ஜினியர் யாரையாவது கூட்டிப் போவதானால் மதியச் சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போவது நல்லது.