செட்டிநாட்டின் இருட்டு: மாசி, பங்குனி நாட்குறிப்பு

24 பிப்ரவரி 2024, சனி

மாசி மகத்துப் பௌர்ணமி. இரவு 11 மணிக்கு மேல் கானாடுகாத்தானில் தெருவிளக்கு எட்டாத தெருவாகப் பார்த்து நின்றோம், மச்சானும் நானும். பகலில் இந்த ஊருக்கு வருகிறவர்கள் அரண்மனை முகப்பில் ஒரு படம், ஆத்தங்குடிப் பெரிய வீட்டில் கூரையை அண்ணாந்து ஒரு படம், அப்புறம் சாப்பாடு என்று போய்விடுகிறார்கள். உச்சி வெயிலில் சுண்ணாம்புச் சுவர் வெளுத்துவிடும். சுதை வேலையின் மேடு பள்ளம் ஒன்றும் தெரியாது. இந்தச் செம்மண் காட்டில் காலை 9 மணிக்கே அந்த நிலைமைதான். அதனால் மாசியும் பங்குனியும் விடிகிற நேரத்திலும் இருட்டின பிறகும் மட்டும் கேமராவை வெளியே எடுப்பதாக முடிவு.

பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் திண்ணையை எடுக்கக் காவல்கார அய்யாவிடம் சாயங்காலமே கேட்டு வைத்திருந்தேன். திண்ணையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றிச் செய்கிற கல் அது. சூளை கிடையாது. தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைப்பதுதான். அந்த வழவழப்பு கண்ணாடியிலிருந்து வருவது. நிலா வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது, எல்லாமே சாம்பல்தான். ஆனால் ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 800, லென்ஸ் துவாரம் எஃப் 2.8, திறந்திருக்கும் நேரம் 20 விநாடி என்று கேமராவை வைத்து எடுத்தால் சிவப்பு, பச்சை, மஞ்சள் அத்தனையும் படத்தில் இருக்கிறது. அய்யா திரையில் பார்த்துவிட்டு, "இது பகல்ல எடுத்தது தம்பி" என்றார். வானத்தில் நட்சத்திரம் தெரிவதைப் பெரிதாக்கிக் காட்டினேன். அப்படியும் அவர் கொஞ்ச நேரம் நம்பவில்லை.

நள்ளிரவு தாண்டியதும் நிலா சரியாகத் தலைக்கு மேல் நின்றது. காரைக்குடிப் பக்கம் அட்சரேகை 10 டிகிரி என்பதால், மாசிப் பௌர்ணமி நிலா இங்கே கிட்டத்தட்ட உச்சியைத் தொட்டுவிடும். அந்த நேரத்தில் முகப்பை எடுத்துப் பயனில்லை, தூணுக்கு நிழலே விழாது. ஆனால் வீட்டுக்குள்ளே வளவு முற்றத்தில் நிலா நேராக இறங்கும். உள்ளே போக வீட்டுக்காரர்கள் சம்மதம் வேண்டும். அது இன்னொரு நாள்.

2 மார்ச், சனி

திருமயம். அதிகாலை 3.45-க்கே வந்துவிட்டோம்.

கோட்டைக்குள் பகலில்தான் விடுவார்கள். தொல்லியல் துறையின் இடம், ட்ரைபாட் கொண்டுபோக முன் அனுமதி வேண்டும். எனக்கு வேண்டியதோ வெளியேயிருந்து தெரிகிற குன்று. தெற்கே நன்றாகத் தள்ளி, விளக்குகள் மறைகிற ஒரு வரப்பாகப் பார்த்து வடக்கு நோக்கி ட்ரைபாடைப் போட்டேன். தேய்பிறை நிலா தெற்கு வானத்தில் இருந்ததால் பாறை முகம் முழுக்க வெளிச்சம். 30 விநாடிப் படங்களாக ஒரு மணி நேரம் தொடர்ந்து எடுத்து, பிறகு கணினியில் ஒன்றாக அடுக்கினால் நட்சத்திரங்கள் கோடுகளாக வரும். ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி சுழற்சி.

வடநாட்டுப் பாலைவனப் படங்களில் துருவ நட்சத்திரம் உயரத்தில் நிற்கும், அதைச் சுற்றி முழு வட்டங்கள் வரும். நம் ஊரில் அது அடிவானத்திலிருந்து 10 டிகிரிதான், நீட்டிய கையின் ஒரு முஷ்டி அளவு. அதனால் வட்டங்கள் பெரும்பாலும் பாதியில் பூமிக்குள் போய்விடுகின்றன. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வளைவுகள் பாறைக்குப் பின்னால் இறங்கி மறுபக்கம் ஏறும்போது கோட்டைதான் அச்சாக நிற்கிறது. 1687-ல் சேதுபதி கட்டிய கோட்டை. ஏழு சுற்று மதிலில் நாலுதான் மிச்சம் என்பார்கள். உச்சியில் பீரங்கி மேடை. அதன் விளிம்பு நட்சத்திரக் கோடுகளை வெட்டுகிற இடம்தான் இந்தப் படத்தில் முக்கியம்.

6.28-க்குச் சூரியன். இங்கே அது சாய்ந்து ஏறாது, ஏறக்குறைய செங்குத்தாகக் கிளம்பும். போன வருஷம் டிசம்பரில் ஜெய்சல்மர் போயிருந்தபோது மஞ்சள் கல் கோட்டை மேல் காலை வெளிச்சம் சாவகாசமாக நின்றது. கடீசர் ஏரிக்கரையில் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நடந்துபோய் எடுக்க நேரம் இருந்தது. திருமயத்தில் 25 நிமிடம்கூட இல்லை. முதலில் பாறை செம்பழுப்பு, பிறகு மஞ்சள், பிறகு வெள்ளை, அவ்வளவுதான். எங்கே நிற்பது, எந்த லென்ஸ் என்பதெல்லாம் இருட்டிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

அடிவாரத்துப் பெருமாள் கோயிலில் மணி அடித்தது. கும்பிட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போனோம்.

3 மார்ச், ஞாயிறு

காரைக்குடி, ஆயிரம் ஜன்னல் வீடு. 1941-ல் கட்டியது. வெளியே நின்றுதான் பார்க்க முடியும். விடியலில் பால்காரர் வண்டியும் பேப்பர் பையனும் வந்தார்கள். ஜன்னல் வரிசைக்குக் கீழே ஒரு சைக்கிள் போகிற படம் ஒன்று தேறியது. தெருவிளக்கின் வெள்ளை எல்.இ.டி. வெளிச்சம் சுவரில் அடித்து, கேமராவில் நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸை எப்படி வைத்தாலும் பாதி நீலமாக நிற்கிறது. பழைய சோடியம் விளக்கு இருந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை.

8 மார்ச், வெள்ளி

சிவராத்திரி. குலசாமி கும்பிட ஊர் ஊராக வண்டிகள். கண்மாய்க்கரை அய்யனார் கோயிலில் நிற்க இடமில்லாத கூட்டம். இன்று கேமராவைத் தொடவில்லை. பூசை செய்கிற வேளாரிடம் அமாவாசை இரவில் வரலாமா என்று மட்டும் கேட்டேன். அங்கே நிற்கிற மண் குதிரைகள் அவர் குடும்பத்தார் பிடித்துச் சுட்டவை. யோசித்துவிட்டு, "வாங்க தம்பி. ஆனா வெளக்கு கூடாது. சாமி வேட்டைக்குக் கெளம்புற நேரம்" என்றார்.

விளக்கு வேண்டாம் என்பதுதான் எனக்கும் வேண்டியது.

10 மார்ச், ஞாயிறு

அமாவாசை. அதிகாலை 3 மணி. இந்தக் குறிப்பைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

புதுக்கோட்டைப் பக்கம் நமணசமுத்திரத்தில் வரிசை வரிசையாக நிற்கும் மண் குதிரைகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அங்கே மரநிழல் அதிகம், சாய்ந்த காலை வெயிலுக்குத்தான் அது நல்ல இடம். இரவு வானத்துக்கு வெட்டவெளி வேண்டும், தென்கிழக்கில் பெரிய ஊர் இருக்கக் கூடாது. இந்தக் கண்மாய்க்கரை இரண்டுக்கும் சரி. தண்ணீர் வற்றி, தரை வெடித்து, நடுவில் சீமைக் கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. செருப்பைக் கரையிலேயே கழற்றச் சொன்னார் வேளார். முள்ளுக்கும் பூச்சிக்கும் பயந்து சிவப்புக் காகிதம் சுற்றின டார்ச்சைத் தரைக்கு மட்டும் காட்டி நடந்தோம். சிவப்பு வெளிச்சம் கண்ணின் இருட்டுப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது. கண் முழுசாகப் பழக அரை மணி நேரமாவது வேண்டும்.

பால்வீதியின் நடுப்பகுதி மார்ச்சில் நள்ளிரவு தாண்டித்தான் எழும். 4 மணிவாக்கில் தென்கிழக்கில் நன்றாக மேலே வந்துவிட்டது. வழி கேட்ட மச்சானுக்குச் சொன்னேன்: ஜாதகத்தில் வருகிற கேட்டை நட்சத்திரம் தெரியுமில்லையா, சிவப்பாக மினுங்குகிறதே, அது. அதற்குக் கீழே கொக்கிபோல வளைகிறது மூலம். மூலத்தின் வாலுக்கு இடப்பக்கம் மங்கலாகப் புகை படிந்த மாதிரி இருக்கிறதே, அங்கேதான் நம் விண்மீன் கூட்டத்தின் மையம். அவன் பிறந்த நட்சத்திரமே மூலம். ஆகாயத்தில் அதைப் பார்த்தது இதுதான் முதல் தடவை என்றான். நிமிர்ந்த தலையை அவன் இறக்கவே இல்லை.

20 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, ஐ.எஸ்.ஓ. 3200, 20 விநாடி. அதற்கு மேல் போனால் நட்சத்திரம் புள்ளியாக நிற்காமல் இழுபடும். குதிரைகளின் மேல் வெளிச்சம் ஒரு சொட்டும் இல்லை. கழுத்தும் காதும் வானத்தை மறைக்கிற கறுப்பு வடிவங்கள் மட்டும். உடைந்த காது உடைந்தபடியே தெரிகிறது. ஒரு குதிரையின் இரு காதுக்கு நடுவில் மூலம் வருகிற இடத்தைத் தேடி, தரையில் படுத்து எடுத்தேன். இத்தனை வருஷம் நான் எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த படம் இதுவாகத்தான் இருக்கும். 5.15-க்குக் கிழக்கு வெளுக்க ஆரம்பித்ததும் முடித்துக்கொண்டோம்.

வேளார் எங்களோடு கரையிலேயே உட்கார்ந்திருந்தார். படத்தைக் காட்டியபோது எந்தக் குதிரை யார் நேர்ந்து வைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வெறும் நிழல் வடிவத்தை வைத்தே அவருக்கு அடையாளம் தெரிகிறது.

16 மார்ச், சனி

சென்னையிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நல்ல திறமைசாலிகள், பாலைவனங்களில் நிறைய இரவுப் படம் எடுத்தவர்கள். கையோடு எல்.இ.டி. பலகைகள். பூட்டின வீட்டின் ஜன்னல்களுக்குள் மஞ்சள் விளக்கு வைத்து, உள்ளே குடும்பம் இருக்கிற மாதிரி எடுக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். நெடுநேரம் பேசினோம்.

பாலைவனத்தில் ஒரு பாறை வளைவின் மேல் லேசாக வெளிச்சம் அடித்து எடுப்பது வேறு விஷயம். அதிலும் எனக்கு இரண்டு மனம் உண்டு, ஆனாலும் பாறைக்குக் குடும்பம் கிடையாது. இந்த வீடுகள் அப்படி இல்லை. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து போய் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்த பணம் பர்மாத் தேக்காகவும் இத்தாலிச் சலவைக்கல்லாகவும் இங்கே வந்து சேர்ந்தது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் போட்ட முதலை விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் எத்தனை பேர். அதற்கப்புறம் பிள்ளைகள் பிழைப்புக்குச் சென்னை, சிங்கப்பூர் என்று சிதறினார்கள். ஒரு வீட்டுக்குப் பத்து இருபது பங்காளிகள், விற்கவும் முடியாது, ஒருவரால் பராமரிக்கவும் முடியாது. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறின. பட்டியலில் ஏறியதால் ஓட்டுக் கூரை ஒழுகாமல் இருந்துவிடாது. ஆக, தெரு முழுக்க ராத்திரியில் இருட்டாக இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. பொய் விளக்கு வைத்தால் அந்தக் காரணத்தை நாம் அழித்துவிடுகிறோம்.

"அப்போ இருட்டை மட்டும் எடுத்தா யாருக்குப் புரியும் அண்ணா?" என்றாள் அவர்களில் ஒரு பெண். வெளிச்சம் வேண்டுமென்றால் அந்த வீட்டில் கல்யாணம் நடக்கிற அன்று வந்து எடுங்கள், அன்றைக்கு எல்லாப் பங்காளியும் வந்திருப்பார்கள், வளவு முழுக்க விளக்கு எரியும் என்றேன். கடைசியில் பலகைகளைக் காரிலேயே விட்டுவிட்டு, பாதி நிலா வெளிச்சத்தில் எடுத்தார்கள். அந்தப் பெண் எடுத்த ஒரு முகப்பு, மேலே கஜலட்சுமி மட்டும் நிலாவில் துலங்க, கீழே கதவு கறுப்பாக. என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

20 மார்ச், புதன்

சம இரவு நாள். சூரியன் நேர் கிழக்கே உதிக்கிற நாள். இதற்காகத்தான் இந்த மாதம் முழுக்கக் காத்திருந்தேன்.

ஊர்க் கோடியில், ஊருணியைப் பார்த்த கிழக்கு வாசல் வீடு. எதிரே வீடு இல்லை. ஆச்சி மட்டும் தனியாக இருக்கிறார். போன வாரம் கேட்டபோது, "விடியமுன்ன வர்றதுன்னா வாப்பா, நான் நாலு மணிக்கே முழிச்சிருவேன்" என்றார். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல் எல்லாம் ஒரே கோட்டில், 150 அடிக்கு மேல் நீளம். அத்தனை நிலைக்கதவையும் ஆச்சியும் நானுமாகத் திறந்து வைத்தோம். தேக்குக் கதவு, ஒவ்வொன்றும் நகர மனசில்லாமல்தான் நகர்ந்தது.

6.19-க்கு உதயம். ஊருணிக் கரை மரங்களைத் தாண்டி 6.25-க்கு முதல் கதிர் வாசலுக்குள் விழுந்தது. விழுந்த வேகத்திலேயே பின்வாசல் சுவரில் போய் நின்றது. அடுப்படிக்குள் காலை வெயில்! ஏழெட்டு நிமிடம். சூரியன் 3 டிகிரி ஏறியதும் அவ்வளவு தூரம் எட்டவில்லை. ஒளி ஒவ்வொரு கட்டாகப் பின்வாங்கியது. 6.50-க்கு வளவுத் தூண்கள், 7.05-க்கு முகப்பு. நான் பின்வாசலில் ட்ரைபாடோடு நின்று கிழக்கே பார்த்து எடுத்தேன், நிலைகள் ஒன்றுக்குள் ஒன்றாக. ஒரே படத்தில் வாசல் வெளிச்சத்தையும் உள் இருட்டையும் அடக்க முடியாது, வெளிச்சத்துக்கு ஒன்றும் இருட்டுக்கு ஒன்றுமாக எடுத்துச் சேர்க்கத்தான் வேண்டும். சேர்க்கும்போது இருட்டை ரொம்பத் தூக்கிவிடாமல் வைத்திருக்கிறேன். வளவின் இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கிற அறைகள் பூட்டியே இருக்கின்றன, அவை கறுப்பாகவே இருக்கட்டும்.

இன்னும் நாலைந்து நாள்தான் இது கிடைக்கும். சூரியன் உதிக்கிற இடம் நாளுக்குச் சுமார் 0.4 டிகிரி வடக்கே நகர்கிறது. 150 அடி தள்ளி அது ஒரு அடி. அடுத்த வாரம் கதிர் நிலைக்காலில் இடித்து நின்றுவிடும். மறுபடி செப்டம்பரில்தான், அதுவும் மேகம் இல்லாமல் இருந்தால். வீடு கட்டின கொத்தனாரும் மனைக்குக் கயிறு பிடித்தவரும் இந்த நேர்கோட்டை எவ்வளவு கவனமாகப் பிடித்திருக்கிறார்கள் என்பது இன்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆச்சி அடுப்படி வாசலில் நின்று தன் கையில் விழுந்த வெயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் இந்நேரம் அடுப்படியில் பத்துப் பேர் வேலையாக நிற்பார்களாம், புகையில் வெயில் எங்கே தெரிந்தது என்றார்.

24 மார்ச், ஞாயிறு

நாளை பங்குனி உத்திரம். குன்றக்குடிப் பக்கம் வண்டியே நகரவில்லை. வானமும் வெளிச்சமாகிவிட்டதால் நட்சத்திரப் படத்துக்கு இனி ஏப்ரல் 8 அமாவாசைதான்.

ஆச்சியிடம் படங்களைக் கொடுக்கப் போனேன். வைகாசியில் பேரனுக்குக் கல்யாணம், இந்த வீட்டிலேயே வைக்கப் பங்காளிகள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்றார். சாயங்காலம் எத்தனை மணிக்கு வளவில் விளக்கு ஏற்றுவார்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஆறரைக்காம். அன்றைக்கும் பின்வாசலில்தான் நிற்கப் போகிறேன், இதே லென்ஸோடு. சமையல்காரர்கள் அங்கே அண்டா வைக்காமல் பார்த்துக்கொள்வதாக ஆச்சி சொல்லியிருக்கிறார்.