நாய் வந்திட்டுதா, ரைகர் வந்திட்டானா?

போன கிழமை மகளின்ட இங்லிஷ் வேர்க்ஷீட்டால வீட்டில ஒரு சின்னச் சண்டை. வெள்ளவத்தையில நல்ல மழை, கரண்ட் வேற போய்ப் போய் வருது, இவள் மேசையில இருந்து கொமன் நவுன் (ஒரு வகைக்கெல்லாம் பொதுவான பேர்) எது, புரொப்பர் நவுன் (ஒண்டுக்கு மட்டும் வைச்ச பேர்) எது எண்டு கோடு கீறிக்கொண்டிருக்கிறாள். ஆடு, மாடு, முயல் எல்லாம் சரி. லப்ரடோர்ல மாட்டிட்டாள். பெரிய எழுத்தில தொடங்குது, அப்ப புரொப்பர் தானே அப்பா? ரியூசன்ல அப்பிடித்தான் சொல்லிக்குடுத்தவையாம், கெப்பிட்டலக் கண்டா புரொப்பர், முடிஞ்சுது கதை.

எங்க முடிஞ்சது. லப்ரடோர் கனடாவில ஒரு இடத்தின்ட பேர், அந்தப் பெரிய எழுத்து அங்கயிருந்து வந்தது. நாய்க்கு வரேக்க அது வெறும் இனம், எங்கட ஒழுங்கையிலயே மூண்டு நிக்குது, "லப்ரடோர்" எண்டு கூப்பிட்டா ஒண்டும் திரும்பிப் பாக்காது. "சீசர்" எண்டு கூப்பிட்டா ஒண்டே ஒண்டு ஓடி வரும்.

சரி, விளங்கீட்டுது எண்டு பாத்தா அடுத்தது தமிழ்ப் புத்தகத்தத் தூக்கிக்கொண்டு வாறாள். நன்னூல் வழியில, பறக்கிறதால பறவை காரணப் பொதுப்பெயர், மரத்தைக் கொத்திறதால மரங்கொத்தி காரணச் சிறப்புப்பெயர். உலகத்தில எத்தினை மரங்கொத்தி இருந்தாலும் தமிழ் இலக்கணத்துக்கு அது சிறப்பு, ஏனெண்டா பறவை எண்ட பெரிய கூட்டத்துக்குள்ள அது ஒரு வகை. இங்லிஷ்காரனுக்கு அதுவே கொமன் நவுன். சிறப்புப்பெயரும் புரொப்பர் நவுனும் ஒண்டெண்டு நினைச்சுப் பாடமாக்கினா ஏதோ ஒரு பரீட்சையில கட்டாயம் அடிவாங்கோணும்.

தமிழில கெப்பிட்டலும் இல்லையே, பிறகு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டு கேட்டாள். நான் வினைச்சொல்லின்ட வாலப் பார் எண்டன். நாய் வந்திட்டுது எண்டா றோட்டு நாய். ரைகர் வந்திட்டான் எண்டா எங்கட ஆள். பேர் வைச்ச உடன அஃறிணை உயர்திணை ஆகீடும், வீட்டில ஒருத்தரும் யோசிச்சுச் செய்யிறேல்ல. யானை செத்துப்போச்சு எண்டுவம், ஆனா கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில புனிதப் பேழை சுமந்த யானை நெடுங்கமுவ ராஜா 2022 மார்ச்சில போனபோது எங்கட அம்மா ரீவிக்கு முன்னால "பாவம், ராஜா போயிட்டார்" எண்டுதான் சொன்னவ. அவருக்கு முதல் பெரஹராவில பேழை சுமந்த மாளிகாவ ராஜா 1988ல செத்தவர், இப்பவும் கண்டியில பதம்பண்ணி வைச்சிருக்கினம். ரெண்டு ராஜா எண்டாலும் ரெண்டும் ஆள் பேர்தான், எங்கட ஒழுங்கையில ரெண்டு குமார் இருக்கிற மாதிரி.

ரைகர் எண்டது நான் சின்னனா இருக்கேக்க அப்பா எங்கட நாய்க்கு வைச்ச பேர். ரைகர் எண்டா புலி; இயக்கச் சண்டை நடந்த எண்பதுகளில கொழும்பு றோட்டில நிண்டு அந்தப் பேரச் சத்தமாக் கூப்பிட ஏலுமே? அம்மா ரெண்டு நாளில ரிக்கி ஆக்கிப்போட்டா. நாய் ரெண்டுக்கும் வந்தது.

வால் பாக்கிற முறை சரியா வேலை செய்யுது எண்டு நான் பெருமையா இருக்க, சனிக்கிழமை விரதச் சோத்தை பல்கனியில வைச்சிட்டு அம்மா சொல்லுறா, "காகத்தார் இன்னும் வரேல்ல."

மகள் என்னைப் பாத்தாள். "அப்பா, இது எது?"

நான் தேத்தண்ணி போடப் போயிட்டன்.