நோட்டில் எழுதாத மொய்

கம்பெனியில் சம்பளம் நின்னதிலிருந்து நம்ம வீடு ஓடுறது நண்பர்கள் புண்ணியத்துல. நகையெல்லாம் ஏற்கெனவே பேங்க்ல. பேராவூரணிப் பக்கம்னா ஆடி மாசம் மொய் விருந்து வச்சு, கறிச்சோறு போட்டு, வட்டியில்லாம பணம் புரட்டியிருக்கலாம். வாங்கினதை நோட்டில் எழுதி, அவங்க விருந்துக்குத் திருப்பிச் செஞ்சா போதும். அம்பத்தூர் வாடகை வீட்டுல அதுக்கு எங்கே போறது?

ஆனா ஒருத்தன் பையனோட டெர்ம் ஃபீஸை நேரா ஸ்கூல்லயே கட்டிட்டு ரசீதை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்புறான். கையில கொடுத்தா வட்டிக்காரனுக்குப் போயிடும்னு தெரியும், கிராதகன்! இன்னொருத்தி மளிகைக்கடை பாக்கியை அடைச்சுட்டு, கேட்டா "எனக்குத் தெரியாதுப்பா"ங்கிறா. யாரும் எப்போ தருவேன்னு கேக்கலை. கேட்டுட்டாக்கூடத் தேவலை.

சிஎன்சி ஆபரேட்டர் வேலை, கிண்டி, திருமுடிவாக்கம், ஒரகடம், எங்க இருந்தாலும் சொல்லுங்க மக்களே. நைட் ஷிஃப்டும் ஓகே.