இன்னும் நான்கு நிமிடம் இருந்தது

2023 செப்டம்பரில், எங்கள் பள்ளியின் பாரம்பரிய தின விழாவில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். மொத்தமே 14 நிமிட நாடகம். பத்தாவது நிமிடத்தில் அதை நிறுத்திவிட்டோம். மைக்கை அணைத்தது நான். நடந்ததைச் சக ஆசிரியர்களிடம் பலமுறை வாயால் சொல்லியிருக்கிறேன். எழுதி வைக்க இப்போதுதான் மனம் வந்தது.

பள்ளி தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸ் பக்கம். நான் அங்கே ஆங்கிலமும் நாடகமும் நடத்துகிறேன். என் வகுப்பில் பாதிப் பேர் தமிழ், தெலுங்கு, இந்தி வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பேர் அக்கம்பக்கத்து இனாண்டா, பாம்பாய் குடியிருப்புகளிலிருந்து மினிபஸ் டாக்ஸியில் வந்து இறங்கும் ஸூலு பிள்ளைகள். செப்டம்பர் 24 பாரம்பரிய தினம் என்றால் பள்ளிகளில் என்ன நடக்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். புடவை, பரதம், ஸூலு நடனம், பாசிமணி, சமோசா, பிரியாணி. அவரவர் தங்கள் அழகைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போவார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் அந்த வருடம் ஒரு பெண் கேட்டாள்: "நமக்கு நடந்ததும் பாரம்பரியம்தானே மேம்?" சரி, எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

அவர்கள் எழுதிக்கொண்டு வந்தது 2021 ஜூலை.

வெளியூரில் இருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த மாதம் 7-ஆம் தேதி இரவு முன்னாள் அதிபர் ஜேக்கப் ஸூமா சிறைக்குப் போனார். அதைத் தொடர்ந்து இரண்டே நாளில் எங்கள் மாகாணமான குவாஸூலு-நட்டாலில் லாரிகள் எரிந்தன, கடைகள் சூறையாடப்பட்டன, அப்புறம் ஜொஹானஸ்பர்க் பக்கமும் பரவியது. 350 பேருக்கு மேல் செத்தார்கள். ஃபீனிக்ஸில் போலீஸைக் கண்ணில் பார்க்க முடியவில்லை. ஜனங்களே தெருமுனைகளை அடைத்துக் காவல் நின்றார்கள். அந்தத் தடுப்புகளிலும் அவற்றைச் சுற்றியும் நடந்தவற்றில் ஃபீனிக்ஸில் மட்டும் 36 பேர் இறந்ததாகப் போலீஸ் அமைச்சர் பிறகு சொன்னார். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

எங்கள் தெருமுனையிலும் தடுப்பு இருந்தது. பழைய டயர், குப்பைத் தொட்டி, யாரோ ஒருவர் வீட்டு இரும்புக் கேட். இரண்டு இரவு நான் ஃபிளாஸ்கில் டீ போட்டு அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் முனையில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் வந்தவர்களை நிறுத்தினார்கள். "எங்கே போறே? எந்த வீடு?" என்று கேட்டார்கள். நான் கோப்பைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதைப் பற்றி அதற்கு மேல் யோசிக்கவில்லை.

நாடகத்தில் அந்தத் தெருமுனைதான் வந்தது. இரண்டு டயர், ஒரு குப்பைத் தொட்டி, டார்ச் விளக்கோடு மூன்று பையன்கள். மறுபக்கத்திலிருந்து வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒரு பெண். கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட். அந்த வாரம் ரொட்டிக்கு எவ்வளவு நீள வரிசை நின்றது என்று அரங்கில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பையன்கள் அவளை நிறுத்தி, டார்ச்சை முகத்தில் அடித்து, ரொட்டி எங்கே கிடைத்தது என்று கேட்கிறார்கள். அவள் பதில் சொல்கிறாள். மறுபடி அதையே கேட்கிறார்கள். நான்காவது தடவை கேட்டபோது மூன்றாவது வரிசையில் ஒரு அப்பா எழுந்தார். "எங்களைக் கொலைகாரர்கள் என்கிறீர்களா? எங்கள் வீட்டைக் காப்பாற்ற நின்றது தப்பா?" என்று கத்தினார். பின்னால் இன்னொருவர் அவரைப் பார்த்து, உட்காருங்கள், கேளுங்கள் என்று கத்தினார். தலைமையாசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கையைக் கீழே அழுத்துவது போல ஒரு சைகை செய்தார். நான் ஒலிப்பெட்டியின் சுவிட்சைக் கீழே தள்ளினேன்.

அடுத்து நடந்ததுதான் என்னைத் தூங்க விடவில்லை. பிள்ளைகள் நிறுத்தவில்லை. 2023 லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது, உச்சத்தில் இருந்த வருடம். ஒத்திகையில் பாதி நாள் மின்சாரம் இருக்காது. "கரண்ட் போனா நிக்காதீங்க. குரலை உயர்த்தி, மேடையின் முன்னால் வந்து தொடருங்க" என்று அவர்களுக்கு நான்தான் பழக்கியிருந்தேன். மைக் போனதும் கரண்ட்தான் போய்விட்டது என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள். ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டு அடி முன்னால் வந்து, நான் சொல்லிக்கொடுத்த அதே குரலில் பேசினாள். கடைசியில் திரையை இழுத்து மூட வேண்டியதாயிற்று. மூடும்போது அவள் என்னைப் பார்த்தாள். விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

அன்று இரவே வாட்ஸ்ஆப் குழுக்கள் பற்றிக்கொண்டன. பிள்ளைகளை இடைநீக்கம் செய்ய வேண்டும் என்றார்கள் சிலர். பள்ளி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள் வேறு சிலர். நாடகத்தை ஏன் நிறுத்தினீர்கள், உண்மை கசக்கிறதா என்று ஸூலு பெற்றோர் பலர் கேட்டார்கள். தலைமையாசிரியர் மறுநாள் காலையில் ஒரு வருத்தக் கடிதம் தயாராக வைத்திருந்தார். இந்தக் கூட்டத்திலெல்லாம் ஒரே ஒரு தரப்பிடம் மட்டும் யாரும் பேசவில்லை. நாடகம் போட்ட அந்தப் பதினொரு பிள்ளைகளிடம்.

அந்தக் கடிதம் போகும் முன்பு அவர்களைப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். இடைவேளையில் நாடக அறையில் உட்கார்ந்தோம். திட்டுவேன் என்று நினைத்து வந்திருந்தார்கள். டார்ச் பிடித்த பையன், சாதுவான பிள்ளை, கேட்டான்: "ஒத்திகையில நீங்க பார்த்தீங்களே மேம். அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

பார்த்தேன்தான். மடியில் பரீட்சைத் தாள்களை வைத்துத் திருத்திக்கொண்டே பார்த்தேன். குரல் கேட்கிறதா, யாராவது பார்வையாளருக்கு முதுகைக் காட்டுகிறார்களா, இதைத்தான் கவனித்தேன். என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுக்கவில்லை. சர்ச்சை வந்ததும் "பிள்ளைகள் எல்லை மீறிவிட்டார்கள்" என்று சொல்வது பெரியவர்களுக்கு எத்தனை சுலபம்! அனுமதித்தது நாம், மேடை கொடுத்தது நாம், பெற்றோரை அழைத்து உட்கார வைத்ததும் நாம். அரங்கில் இருக்கிற யாருக்காவது இது பழைய காயத்தைக் கிளறும் என்று முன்கூட்டியே யோசித்து, "இப்படி ஒரு நாடகம் வருகிறது, கேட்கக் கஷ்டமாக இருக்கலாம், முடிந்ததும் பேசுவோம்" என்று மேடையேறிச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த அப்பா கத்தியது பிள்ளைகளைப் பார்த்து. அப்போது நடுவில் போய் நின்றிருக்க வேண்டியவளும் நான்.

நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். தண்டனை என்று ஒன்று இருந்தால் அது என்னில் தொடங்கட்டும் என்றேன். பள்ளிச் சட்டம் 1996-லிருந்து இருக்கிறது. தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் ஒரு பிள்ளையை இடைநீக்கம் செய்ய முடியாது என்று ஓர் உறுப்பினர் நினைவூட்டினார். நல்லவேளை, அந்தப் பேச்சு அதோடு நின்றது. ஆனால் இன்னொருவர், நம்மவர்தான், "பள்ளி மேடையில் நம் கலாசாரம் மட்டும் போதும், இதெல்லாம் ஒழுங்கைக் கெடுக்கும்" என்றார். எனக்கு மூக்குத்தி வழக்கு ஞாபகம் வந்தது. டர்பனில் ஒரு பள்ளி மாணவி, தென்னிந்திய வழி வந்த வீட்டுப் பெண், மூக்குத்தி போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். சீருடை விதிக்கு ஆகாது, ஒழுங்கு கெடும் என்று பள்ளி மறுத்தது. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், 2007 அக்டோபரில் தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. அதற்குள் அவள் பள்ளியையே முடித்திருந்தாள். அது சமத்துவத்தைப் பற்றிய வழக்கு, நாடகத்தைப் பற்றியது அல்ல, தெரியும். ஆனாலும் எத்தனை வீடுகளில் அந்தத் தீர்ப்பை நம் வெற்றி என்று சொல்லி மகிழ்ந்தோம்! அன்றைக்கு ஒழுங்கு கெடும் என்று சொன்னவர்களை நமக்குப் பிடிக்கவில்லை. இன்று அதே வார்த்தையை நாம் பேசுகிறோமே என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கோபமாகத்தான் இருந்தார்.

எதையுமே நிறுத்தக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நிறுத்தியிருக்க வேண்டிய ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். கோவிட்டுக்கு முந்தைய ஒரு வருடம், ஆண்டு விழாவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நகைச்சுவைக் காட்சி போட்டார்கள். வீட்டு வேலைக்கு வரும் ஸூலு அம்மா எப்படி இங்கிலீஷ் பேசுவார் என்று நடித்துக் காட்டினார்கள். தலைத்துணி, பெரிய இடுப்பு, உடைந்த வாக்கியங்கள். அரங்கம் அதிர்ந்தது. நானும் சிரித்தேன். நிகழ்ச்சி முடிந்து நாற்காலி அடுக்கும்போதுதான் பார்த்தேன், எங்கள் பள்ளியைக் கூட்டித் துடைக்கும் அம்மா கதவோரத்தில் மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எப்போதிலிருந்து நின்றார் என்று தெரியாது. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் காட்சிக்கு ஒரு புகார் வரவில்லை, ஒரு வாட்ஸ்ஆப் செய்தி வரவில்லை, வருத்தக் கடிதமும் போகவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் புரிந்தது இது. யாருக்கு வலிக்கிறது என்பதைப் பார்த்து நாம் நிறுத்துவதில்லை. வலித்தவர் எழுந்து நின்று கத்தக்கூடியவரா என்பதைப் பார்த்துத்தான் நிறுத்துகிறோம். அந்த அம்மா, வேலை போய்விடுமோ என்று பயந்தோ என்னவோ, பேசாமல் இருந்தார். அதனால் அது "நல்ல நிகழ்ச்சி" ஆயிற்று. அங்கே இல்லாத, பதில் சொல்ல முடியாத ஒருவரைப் பிள்ளைகள் கேலி செய்தால் ஒத்திகையிலேயே உட்கார வைத்துப் பேசுவேன். பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டிய ஒன்றைப் பிள்ளைகள் கேட்டால், கடைசி வரை கேட்பேன். என்னால் முடிந்த வரையறை இவ்வளவுதான்.

கடிதம் போகவில்லை. அதற்குப் பதிலாக அக்டோபரில் ஒரு சனிக்கிழமை காலை, நூலகத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நாடகத்தை மறுபடி போட்டார்கள். மைக் இல்லை, மேடை இல்லை. வர விரும்பும் பெற்றோர் வரலாம் என்று சொல்லியிருந்தோம். நாற்பது பேர் வந்திருப்பார்கள். நாங்கள் முன்பு நிறுத்திய இடத்துக்கு அப்புறம் இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. அதில் கதை கிடையாது. பதினொரு பேரும் வரிசையாக நின்று, அந்த வாரம் அவரவர் வீட்டில் நடந்ததை இரண்டு மூன்று வாக்கியத்தில் சொன்னார்கள். ஒரு பெண்ணின் அப்பா கிரிக்கெட் மட்டையோடு நான்கு இரவு தெருமுனையில் நின்றிருக்கிறார். திரும்பி வந்து சாப்பிடாமல் அழுதாராம். ஒரு பையனின் அண்ணன் வேலை பார்த்த கடை எரிந்து, அவர் இன்னும் வேலை இல்லாமல் இருக்கிறார். இன்னொரு பையனின் அம்மா மருத்துவமனையில் துப்புரவு வேலை. தெருவழி வரப் பயந்து, ஓடைப் பக்கமாக மூன்று மணி நேரம் நடந்து வீடு சேர்ந்திருக்கிறார்.

அந்த நான்கு நிமிடம் இருந்ததால்தான் நாடகம் நியாயமானது என்று சில ஆசிரியர்கள் பிறகு சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அது இல்லாமல் இருந்திருந்தாலும் நிறுத்தியது தப்புதான். நாட்டின் மனித உரிமை ஆணையம் அந்த ஜூலைக் கலவரத்தைப் பற்றி 2021 நவம்பரில் விசாரணை தொடங்கி, 2024 ஜனவரியில்தான் அறிக்கை வெளியிட்டது. நாட்டுக்கே பேச இரண்டு வருடத்துக்கு மேல் தேவைப்பட்ட விஷயத்தைப் பதினாறு வயதுப் பிள்ளைகள் முழுமையாகவும் நிதானமாகவும் சொல்லிவிட வேண்டும் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்?

கத்திய அப்பாவும் நூலகத்துக்கு வந்திருந்தார். கதவருகே, கார் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் டீக்கு நிற்கமாட்டார் என்று நினைத்தேன். அவர் எழுந்து, ஓடை வழியைப் பற்றிச் சொன்ன பையனிடம் போனார்.

"உங்க அம்மா எந்தப் பக்கமா வந்தாங்க?"

பையன் சொன்னான். பாலத்துக்குக் கீழே இறங்கி, கரும்புக்காட்டு ஓரமாக.

"அங்க விளக்கே கிடையாதே" என்றார் அவர்.

"ஆமா அங்கிள். போன் வெளிச்சத்துல வந்தாங்க."

அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். அப்புறம் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை மடக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு வெளியே போனார்.