விடுப்பு முடிந்து குடும்பமாகப் பணித்தளம் திரும்புதல்: எதை எப்போது செய்வது

வெளிநாட்டில் சில ஆண்டுகள் ஊழியம் செய்து, விடுப்பில் தாய்நாடு வந்து, மறுபடியும் அதே பணித்தளத்துக்குப் பிள்ளைகளோடு புறப்படும் மிஷனரிக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். தெரிந்த ஊர்தானே, இரண்டாம் முறை எளிது என்று சபையார் சொல்வார்கள். ஊர் தெரியும்தான். ஆனால் முதல்முறை இல்லாத வேலைகள் இப்போது சேர்ந்திருக்கும். வதிவிட அனுமதி காலாவதியாகியிருக்கலாம், வீடு பூட்டிக் கிடக்கும், வண்டி ஓடாமல் நின்றிருக்கும், பிள்ளைகள் இரண்டு அளவு வளர்ந்திருப்பார்கள்.

வேலைகளைப் பட்டியலிடுவதைவிட அவற்றின் வரிசை முக்கியம். சில வேலைகளுக்குக் காத்திருக்கும் காலம் உண்டு, பணம் கொடுத்தும் அதைக் குறைக்க முடியாது. சில சான்றிதழ்களுக்கு ஆயுள் உண்டு, முந்திக்கொண்டு வாங்கினால் விசா நேர்காணலுக்குள் செத்துவிடும். அதனால் புறப்படும் தேதியை முதலில் குறித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுகிறோம். ஆறு மாதம் போதும் என்று நினைக்கும் குடும்பத்துக்கு ஒன்பது மாதம் ஒதுக்கச் சொல்வோம்.

முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது எல்லாருடைய பாஸ்போர்ட்டையும். பல நாடுகள் நுழையும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடி கேட்கின்றன, வெற்றுப் பக்கங்களும் வேண்டும். இதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. வதிவிட அனுமதியின் காலத்தைப் பாஸ்போர்ட்டின் காலத்துக்குள் அடக்கித்தான் பல நாடுகளில் தருவார்கள். பெற்றோருக்கு 10 ஆண்டும் சிறுவர்களுக்கு 5 ஆண்டும் மட்டுமே பாஸ்போர்ட் தரும் நாடுகள் பல. இப்படிப் பிள்ளையின் பாஸ்போர்ட் பாதியில் முடிந்து, குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் அனுமதி வேறு தேதியில் தீர்ந்துபோகும். ஒன்றரை ஆண்டு மிச்சமிருந்தாலும் புதுப்பித்துக்கொண்டு போவதே நல்லது.

பழைய வதிவிட அனுமதி கையில் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். குறிப்பிட்ட மாதங்களுக்கு மேல் நாட்டுக்கு வெளியே தங்கினால் அட்டையில் தேதி மிச்சமிருந்தாலும் அனுமதி ரத்தாகிவிடும் என்று சட்டம் வைத்திருக்கும் நாடுகள் உண்டு. விடுப்புக்கு வரும் முன்பே மறுநுழைவு அனுமதி வாங்கியிருந்தால் அதன் கடைசித் தேதியைப் பாருங்கள். இல்லையென்றால் புது விண்ணப்பம்தான்.

புது விண்ணப்பத்துக்குப் பொதுவாகக் கேட்பவை: காவல்துறை நற்சான்று, மருத்துவப் பரிசோதனை, திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, படிப்புச் சான்று, அங்குள்ள சபையோ நிறுவனமோ தரும் அழைப்புக் கடிதம். இவற்றில் பிறப்பு, திருமண, படிப்புச் சான்றுகள் பழசாவதில்லை, முதலிலேயே தயார் செய்யலாம். பிறப்புச் சான்றில் பெற்றோர் பெயர்கள் உள்ள முழுப் படிவம் வேண்டும், சுருக்கப் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போகும் நாடு 1961 ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்திருந்தால் ஆவணம் உண்மையானது என்று சொந்த நாட்டு அரசு சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரை போதும். சேராத நாடு என்றால் உள்நாட்டு வெளியுறவுத் துறை, பிறகு அந்நாட்டுத் தூதரகம் என்று படிப்படியாகச் சான்றொப்பம் பெற வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். மொழிபெயர்ப்பு தேவையென்றால் முத்திரைக்கு முன் செய்வதா பின் செய்வதா என்று தூதரகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் முழுவதையும் மறுபடி செய்ய நேரும்.

காவல்துறைச் சான்றும் மருத்துவப் பரிசோதனையும் கடைசியில் வர வேண்டியவை. 3 முதல் 6 மாதம் வரைதான் அவற்றை ஏற்பார்கள். விடுப்பில் இருந்த நாட்டோடு, இதற்கு முன் நீண்டகாலம் வசித்த மூன்றாம் நாட்டிலிருந்தும் நற்சான்று கேட்கலாம். தூரத்திலிருந்து அதை வாங்குவதுதான் மொத்தத்திலும் மெதுவான வேலை, அதனால் அந்த ஒன்றை மட்டும் முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் ஒப்பிட்டுப் பாருங்கள்.

விசாப் படிவத்தில் என்ன வேலைக்குப் போகிறீர்கள் என்பதை உள்ளபடி எழுதுங்கள். ஆசிரியர் பணி என்று எழுதினால் உண்மையிலேயே வகுப்பெடுக்க வேண்டும். இதில் எங்களுக்கு அழுத்தமான கருத்து உண்டு. பொய்யான வகையில் நுழைந்த ஒரு குடும்பம் பிடிபட்டால் அவர்களோடு போவதில்லை, அழைப்புக் கடிதம் கொடுத்த உள்ளூர்ச் சபையின் தலையில்தான் அது விழும்.

தடுப்பூசிக்கும் பின்னோக்கிய கணக்குதான். ஹெபடைடிஸ் பி புதிதாகப் போடுவதென்றால் வழக்கமான அட்டவணை 0, 1, 6 மாதம். ஆக, ஆறு மாதத்துக்கு முன் பயண மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் ஊசிக்கு உலக சுகாதார நிறுவனம் 2018 முதல் 0, 7 நாட்களில் இரண்டு தவணை என்று பரிந்துரைக்கிறது. நாய் நக்கியதைக்கூடச் சொல்லாமல் விளையாடும் வயதுப் பிள்ளைகளுக்கு இதை விட்டுவிட வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் சான்று ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகே செல்லும். 2016 ஜூலை 11 முதல் அது வாழ்நாள் முழுவதும் செல்லும் என்பதால் பழைய மஞ்சள் அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். பிள்ளைகளுக்கு அம்மை ஊசியும் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் தேவைப்பட்டால், இரண்டும் உயிருள்ள கிருமியால் ஆனவை என்பதால், ஒரே நாளில் போட வேண்டும், இல்லாவிட்டால் 4 வாரம் இடைவெளி விட வேண்டும். கடைசி மாதத்தில் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

மலேரியாப் பகுதிக்குத் திரும்புகிறவர்கள், அங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கும் என்று நம்பி மாத்திரையை விடக் கூடாது. விலகியிருந்த காலத்தில் இருந்த கொஞ்ச எதிர்ப்பும் தேய்ந்திருக்கும். இந்தத் தடுப்பு மாத்திரைகளில் மெஃப்ளோகுயினைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும், மனநலப் பிரச்சினையோ வலிப்போ இருந்தவர்களுக்கு அது ஆகாது. டாக்ஸிசைக்ளின் 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பொதுவாகத் தருவதில்லை. அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஓரிரு நாள் முன் தொடங்கினால் போதும், பிள்ளைகளுக்கு எடைப்படி அளவு. எது யாருக்கு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அன்றாடம் சாப்பிடும் மருந்துகளை 3 மாதத்துக்கு அசல் உறையோடும், மருந்தின் வேதிப்பெயர் எழுதிய சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். கோடீன் என்ற வலிநிவாரணி கலந்தவை, கவனக்குறைபாட்டுக்கான மாத்திரைகள், சில சளி மருந்துகள் ஆகியவற்றைச் சில நாடுகள் தடை செய்திருக்கின்றன, முன்அனுமதி கேட்கும் நாடுகளும் உண்டு.

ஆதரவுத் தொகை பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேச வேண்டும். விடுப்பில் சபை சபையாகப் போகும்போது கிடைக்கும் காணிக்கையும், மாதந்தோறும் தருவதாகச் சொல்லும் வாக்குறுதியும் ஒன்றல்ல. ஒருமுறை வரும் காணிக்கையை டிக்கெட், சரக்கு, விசா, வீட்டு முன்பணம் போன்ற புறப்பாட்டுச் செலவுக்கு வைத்துவிட்டு, மாத வாக்குறுதியை மட்டும் மாதச் செலவோடு ஒப்பிடுங்கள். அதிலும் வாக்குக் கொடுத்ததை அல்ல, கடந்த மூன்று மாதம் உண்மையில் வந்ததைக் கணக்கெடுங்கள். மாதம் 15 சதவீதம் குறைகிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், 4 ஆண்டுப் பணித்தவணையில் அது ஏழு மாத முழுச் செலவுக்கு மேல் போகும். மாதச் செலவுப் பட்டியலில் மருத்துவக் காப்பீடு, அவசர விமான மீட்பு, பள்ளிக் கட்டணம், ஓய்வூதியம், அடுத்த விடுப்புக்கான பயணச் சேமிப்பு, நாணய மாற்று வீழ்ச்சி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். விட்டுப்போவது பெரும்பாலும் கடைசி இரண்டும்தான்.

இனி சாமான். எதை எடுத்துப் போவது என்பதற்கு நாங்கள் கேட்கும் கேள்வி இதுதான்: அங்கே கிடைக்காததா, கிடைத்தாலும் தரம் ஆகாததா? இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுகிறோம். பிள்ளைகளின் காலணியை அடுத்த இரண்டு அளவுகளில், கண்ணாடியை மாற்றுச் சோடியோடு, தாய்மொழிப் புத்தகங்களை, வேலைக்கான கருவிகளை எடுக்கிறோம். வெப்பம் தரும் மின்சாதனங்களைத் தூக்கிச் செல்ல வேண்டாம். 120 வோல்ட் நாட்டுச் சாதனம் 230 வோல்ட் நாட்டில் மின்னழுத்த மாற்றி இல்லாமல் எரிந்துபோகும். 1500 வாட் அளவுக்கு மாற்றி வாங்கினால் அது சாதனத்தைவிடக் கனக்கும். சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை.

விமானப் பெட்டிக்கு வழக்கமான வரம்பு 23 கிலோ, நீளம் அகலம் உயரம் மூன்றும் கூட்டி 158 செ.மீ. கடினப் பெட்டி வெறுமனே 4 கிலோவுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் என்பதால் மெத்தென்ற துணிப்பைகளும் பொருளுக்கு ஏற்ற பிளாஸ்டிக் பெட்டிகளும் கலந்து கட்டுகிறோம். வீட்டுத் தராசில் 22.5 காட்டினால் நிறுத்திவிடுங்கள். புத்தகங்களை ஒரே பெட்டியில் அடைக்காமல், எல்லாப் பெட்டியிலும் அடியில் ஒரு வரிசை பரப்புங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் எல்லாருடைய உடையிலும் ஒரு சோடி இருந்தால், ஒரு பெட்டி தொலைந்தாலும் யாரும் மாற்றுடை இல்லாமல் நிற்க மாட்டார்கள். உதிரி லித்தியம் பேட்டரியும் பவர்பேங்கும் கைப்பையில் மட்டும்தான். 100 வாட்-மணி வரை விமான நிறுவன அனுமதி பொதுவாகத் தேவையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவன அனுமதியோடு இரண்டு. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி 74 வாட்-மணி, அதனால் அந்த வரம்புக்குள்தான் வரும்.

தனி விமானச் சரக்கில் கனமில்லாத பெரிய பெட்டிக்கும் காசு அதிகம், ஏனென்றால் 6000 கன செ.மீ. ஒரு கிலோ என்று கணக்கிடுவார்கள். 60×40×40 பெட்டியில் வெறும் தலையணை இருந்தாலும் 16 கிலோ. கப்பலில் பிறர் சரக்கோடு பங்கிடும் பெட்டகம் என்றால் கன மீட்டர்க் கணக்கு. முழு 20 அடிப் பெட்டகத்தின் கொள்ளளவு ஏறக்குறைய 33 கன மீட்டர், அடுக்கும்போது 25 முதல் 28 வரைதான் நிறையும். மரப்பெட்டி, மரப்பலகைத் தட்டு பயன்படுத்தினால் மரத்தோடு பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதியான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்க வேண்டும். பெரும்பாலும், மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியதற்கான அடையாளம் அது. முத்திரையில்லாத மரம் துறைமுகத்திலேயே நிற்கும், ஒட்டுப்பலகைக்கு இந்த விதி இல்லை.

சரக்கில் பணத்தை அதிகம் தின்பது தாமதம். பல நாடுகளில் வீட்டுச் சாமானுக்கு வரிச் சலுகை வேண்டுமென்றால் உரிமையாளர் நேரில் வந்து நுழைவு முத்திரையும் வதிவிட அனுமதியும் காட்ட வேண்டும். பெட்டகம் முந்திப் போய்விட்டால் நாள் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். ஆகவே குடும்பம் போய்ச் சேர்ந்து சில வாரம் கழித்துச் சரக்கு கரைசேருமாறு அனுப்புங்கள். பொருட்பட்டியலில் பெட்டிவாரியாக எண், பொருள், எத்தனை, பழையதா புதியதா, மின்சாதனத்துக்கு வரிசை எண் எல்லாம் வேண்டும். 'இதர பொருட்கள்' என்று எழுதிய பெட்டியைத்தான் சுங்கத்தார் முதலில் திறப்பார்கள். சபைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அன்பளிப்பாகத் தரும் பொருட்களைச் சொந்தச் சாமானோடு கலக்கவே வேண்டாம். ஒரே மாதிரி முப்பது நோட்டுப் புத்தகம் இருந்தால் வணிகச் சரக்கு என்று மொத்தப் பெட்டகத்துக்கும் வரி கேட்பார்கள்.

பிள்ளைகளுக்கு இது நம்மைவிடக் கடினம். மிஷனரிப் பிள்ளைகள் நடுவே நெடுங்காலம் உழைத்த டேவிட் பொல்லாக் விடைபெறுதலை நான்கு படியாகச் சொன்னார்: மனத்தாங்கல்களைத் தீர்ப்பது, உதவியவர்களிடம் நன்றியைச் சொல்வது, ஆளுக்கும் இடத்துக்கும் முறையாக விடைகொடுப்பது, போகுமிடத்தைப் பற்றி எண்ணிப் பழகுவது. நாங்கள் கடைசி ஆறு வாரத்தை இதற்கென்று ஒதுக்குகிறோம். அதில் புதிய கூட்டங்களுக்கு ஒப்புக்கொள்வதில்லை. திரும்பிப் போகும் பிள்ளைகளுக்கு நான்காவது படியில் தனிக் கவனம் தேவை. அவர்கள் மனதில் இருக்கும் பணித்தளம் பழையது. எந்த நண்பன் குடிபெயர்ந்துவிட்டான், யார் பள்ளி மாறினார்கள், வளர்த்த நாய் இருக்கிறதா இல்லையா என்பதைப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே இறங்கித் தெரிந்துகொண்டால் முதல் வாரமே உடைந்துவிடுவார்கள். உள்ளூர் மொழியில் வாரம் ஒருமுறை பழைய நண்பர்களோடு பேச வையுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு பெட்டியைக் கொடுத்து, அதில் எதை வைத்தாலும் பெற்றோர் கேள்வி கேட்பதில்லை என்று வாக்குக் கொடுங்கள், அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். பள்ளிக்கு மதிப்பெண் பட்டியலோடு பாடத்திட்ட விவரமும் வாங்குங்கள். கல்வியாண்டு தொடங்கும் மாதம் மாறும் நாட்டுக்குப் போவதென்றால் எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்று எழுத்தில் உறுதி பெறுங்கள்.

தாய்நாட்டில் ஒழுங்குபடுத்திவிட்டுப் போக வேண்டியவற்றில் அதிகம் மறக்கப்படுவது கைப்பேசி எண். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் அந்த எண்ணுக்குத்தான் வரும், ரீசார்ஜ் இல்லாமல் எண் போய்விட்டால் கணக்கும் பூட்டிக்கொள்ளும். வெளிநாட்டிலும் குறுஞ்செய்தி வருகிறதா என்று கேளுங்கள், முடிந்தவற்றைச் செயலி வழிக்கு மாற்றுங்கள். தவணைக்குள் காலாவதியாகும் வங்கி அட்டைகளை இப்போதே புதுப்பியுங்கள். நம்பிக்கையான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். உயிலையும், இருவருக்கும் ஏதேனும் நேர்ந்தால் பிள்ளைகளுக்கு யார் காப்பாளர் என்பதையும் எழுதி, அந்தக் காப்பாளரிடம் நேரில் பேசி ஒப்புதல் வாங்கியபின் புறப்படுங்கள்.

பூட்டிய வீட்டை ஒரு வாரம் முன்பே யாராவது திறந்து காற்றாட விட வேண்டும். தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, குழாய்களைத் திறந்து தேங்கிய நீரை ஓடவிடச் சொல்லுங்கள். வண்டிக்குப் புது பேட்டரி, புது எரிபொருள், டயர்க் காற்று எல்லாம் பார்ப்பார்கள், காப்பீடும் பதிவும் முடிந்துபோயிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. அதைத் தூரத்திலிருந்தே புதுப்பித்துவிடுங்கள்.

விமானத்திலிருந்து இறங்கியதும் சுங்க மேசையில் ஒரு வேலை இருக்கிறது. பின்னால் வரும் சரக்கை நுழையும் நாளிலேயே அறிவிக்கச் சொல்லும் நாடுகள் உண்டு. பொருட்பட்டியலின் இரண்டு நகலைக் கைப்பையில் மேலாக வைத்திருந்து, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் முத்திரை வாங்குங்கள். களைத்த பிள்ளைகளோடு, அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நேராக வெளியேறத்தான் தோன்றும். ஒருவர் பிள்ளைகளோடு உட்கார, மற்றவர் வரிசையில் நிற்கட்டும். சரக்கு வரும்போது சுங்க முகவர் முதலில் கேட்பது முத்திரையிட்ட அந்த நகலைத்தான்.